ரெயிலில் கழியும் 4 ஆண்டுகள்!

செங்கல்பட்டில் இன்னும் பொழுது விடியவில்லை. ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது. அம்மா சோற்றை டப்பாவில் அடைக்கிறாள். அப்பா, தூங்கும் குழந்தையை ஒரு முறை பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டுகிறார். இரவு அவர் வீடு திரும்பும்போதும் குழந்தை தூங்கிக்கொண்டுதான் இருக்கும்!

செங்கல்பட்டில் இருந்து சென்னைக் கடற்கரை நிலையம் சுமார் 60 கிலோ மீட்டர். வீட்டு வாசலில் இருந்து அலுவலக வாசல் வரை 2 மணி நேரம். திரும்பி வர 2 மணி நேரம். இப்படிப் போய் வருகிறவர்கள் ஏராளம்.

கணக்குப் பாருங்கள்

ஒரு நாளைக்கு 4 மணி நேரம். மாதத்தில் 25 நாள் வேலை என்றால் 100 மணி நேரம். ஆண்டுக்கு 1,200 மணி நேரம். அதாவது, இரவும் பகலும் சேர்ந்த 50 முழு நாட்கள்!

30 ஆண்டுகள் வேலை பார்த்தால் 1,500 நாட்கள். வாழ்நாளில் 4 ஆண்டுகளுக்கு மேல் ரெயிலிலும் பஸ்சிலுமே போய்விடுகிறது. இதற்குச் சம்பளம் உண்டா? கிடையாது. ஓய்வு என்று சொல்லலாமா? நெரிசலில் நின்றுகொண்டு போவது ஓய்வு ஆகுமா?

மூன்று எட்டு

8 மணி நேரம் வேலை. 8 மணி நேரம் தூக்கம். மீதி 8 மணி நேரம் வீட்டுக்கும் பிள்ளைகளுக்கும். இதுதான் தொழிலாளர்கள் போராடிக் கேட்ட உரிமை. 1923-ம் ஆண்டு சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினார். இந்தியாவிலேயே முதல் மே தினம் அதுதான். அதன் நினைவைச் சொல்லும் உழைப்பாளர் சிலை 1959-ம் ஆண்டு முதல் மெரினாவில் நிற்கிறது.

அந்த மூன்றாவது எட்டில்தான் பயணம் கை வைக்கிறது. எட்டில் நாலு போனால் மீதி நாலு. அதற்குள் குளியல், சாப்பாடு, கடைத்தெரு எல்லாம் முடிய வேண்டும். வேலைக்குப் போகும் தாய்மாருக்கு அடுப்பு வேலையும் உண்டு. அவர்கள் தூக்கத்தைத்தான் குறைத்துக்கொள்கிறார்கள்.

தூரம் வந்தது எப்படி?

பெரம்பூர்ப் பக்கத்து மில் தொழிலாளர்கள் பலர் ஒரு காலத்தில் நடந்தே வேலைக்குப் போனார்கள். 1955-ல் ரெயில் பெட்டித் தொழிற்சாலை வந்தது. அதன் பக்கத்திலேயே ஊழியர் குடியிருப்பும் எழுந்தது.

கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரெயில் 1931-ல் ஓடத் தொடங்கியது. ரெயில் போன வழியெல்லாம் ஊர் வளர்ந்தது. நகரத்தில் வாடகை ஏற ஏற, குடும்பங்கள் தள்ளித் தள்ளிப் போயின. வாடகையில் மிச்சம் பிடித்ததை நேரமாகக் கொடுக்கிறார்கள்.

சட்டம் ஒப்புக்கொண்டது

இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-ல் ஒரு திருத்தம் செய்தார்கள். வேலைக்குப் போகும் வழியிலோ, வீடு திரும்பும் வழியிலோ விபத்து நேர்ந்தால், வேலையோடு அதற்குத் தொடர்பு இருந்தால், அது வேலையின்போது நேர்ந்த விபத்தாகவே கருதப்படும் என்பதே அது. கால் ஒடிந்தால் பயணமும் வேலை! ஒடியாமல் போய்ச் சேர்ந்தால் அது அவரவர் பாடு! இது சரிதானா?

2020 காட்டிய வழி

2020-ம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனாவால் மின்சார ரெயில்கள் நின்றன. கம்ப்யூட்டரில் வேலை பார்த்தவர்கள் பலர் வீட்டில் இருந்தே வேலையை முடித்தார்கள். பிறகு பல அலுவலகங்கள் அவர்களைத் திரும்ப அழைத்தன.

வீட்டு வேலையிலும் தொல்லை உண்டு. ஒற்றை அறை வீட்டில் மேசை போட இடம் ஏது? வேலை நேரம் முடிந்த பிறகும் போன் மணி அடிக்கும். நர்சும், துப்புரவுத் தொழிலாளியும், கடை ஊழியரும் நேரில் போயே ஆகவேண்டும்.

ஆனாலும் வழி இருக்கிறது. முடிந்தவர்களை வாரத்தில் சில நாட்களாவது வீட்டில் விடலாம். மற்றவர்களுக்கு அலுவலக நேரத்தை முன்னும் பின்னும் மாற்றலாம். அப்போது போயே ஆகவேண்டிய நர்சுக்கு ரெயிலில் உட்கார இடம் கிடைக்கும். வேலை இருக்கும் இடத்தின் அருகே குறைந்த வாடகையில் வீடுகளும் வேண்டும்.

"எல்லாரும் தினமும் வந்துதான் ஆகவேண்டுமா?" ஒவ்வொரு முதலாளியும் அதிகாரியும் இதைக் கேட்டுப் பார்க்கட்டும். பதிலுக்காக, செங்கல்பட்டில் ஒரு குழந்தை விழித்துக்கொண்டு காத்திருக்கப் பார்க்கிறது. தூக்கம்தான் முந்திக்கொள்கிறது!