இளக்கி என்னும் சொல்லும் பெல்சுபாரின் தொழிலும்

பழங்கலங்களைப் பற்றி எழுதும் மாணாக்கர், மட்கலம், பீங்கான், மெருகு, கண்ணாடிப் பூச்சு ஆகிய சொற்களை வேறுபாடின்றி ஆளுதலை யாம் பன்முறை கண்டுள்ளோம். சொல் மயங்கின் பொருளும் மயங்கும். மண் எவ்வாறு பீங்கானாகின்றது என்பதை அறிந்தாலன்றி இம்மயக்கம் தீராது. அவ்வறிவிற்கு வாயிலாக அமைவது பெல்சுபார் என்னும் கல். அது திண்டுக்கல் வட்டாரத்தில் கிடைப்பதாகலின், அந்நிலத்தையே சான்றாகக் கொண்டு, அக்கல்லின் தொழிலையும், அத்தொழில் பற்றி அதற்கு வழங்கும் ‘இளக்கி’ என்னும் கலைச்சொல்லின் பொருளெல்லையையும் ஈண்டு ஆராய்வாம்.

திண்டுக்கல் சமவெளியின் செம்மண்ணுக்கு அடியில் கிடப்பன மிகப் பழைய படிகப் பாறைகள். அவற்றின் பிளவுகளிற் புகுந்த பாறைக்குழம்பு பருமணிகளாய்ப் படிகமான தாரைகளைப் பெக்மடைட்டு என்பர். வெங்கச்சங்கல் எனப்படும் குவார்ட்சும் பெல்சுபாரும் அத்தாரைகளில் ஒருங்கு காணப்படும். வெங்கச்சங்கல் கண்ணாடி போல ஒழுங்கின்றி உடையும். பெல்சுபாரோ தட்டையான முகங்களாகப் பிளக்கும். செருமானியர் இதற்கு இட்ட பெயரும் ‘வயல்’, ‘பிளவுறு கல்’ என்னும் இருசொற் கூட்டேயாம். கரூர், நாமக்கல் முதலிய அண்டை மாவட்டங்களிலும் இக்கல் கிடைக்கின்றது.

பெல்சுபார் என்பது ஒரு கனிமக் குடும்பத்தின் பெயர். பீங்கான் தொழிலில் பெரிதும் பயன்படுவன பொட்டாசு வகையும் சோடா வகையும் ஆம். அலுமினாவும் சிலிக்காவும் இரண்டற்கும் பொது. பொட்டாசு, சோடா என்னும் காரப்பொருள்களே இளக்குந் திறனைத் தருவன. நெடுங்காலம் நீரும் காற்றும் தாக்குதலால் இக்கல்லினின்று காரம் கரைந்து நீங்க, எஞ்சியவை நீரோடு கூடி வெண்களியாகின்றன. காரம் இழந்த அக்களி தீக்கு எளிதில் நெகிழாது. 1700 பாகை செல்சியசுக்கு மேலும் உருகாது நிற்கும். ஆகவே வெண்களியோடு பெல்சுபாரைச் சேர்த்துச் சுடுதல், இயற்கை கழுவிக் கொண்டுபோன காரத்தை அதற்கு மீட்டளித்தலே எனலாம்.

கடும்பீங்கானுக்குப் பெருவழக்கான கலவை, நூறு பங்கில் வெண்களி 50, பெல்சுபார் 25, குவார்ட்சு 25 என்பதாம். களி வனைதற்குரிய குழைவைத் தரும். குவார்ட்சு எலும்பு போல் நின்று உருவத்தைத் தாங்கும். பெல்சுபார் இவ்விரண்டையும் பிணைக்கும். பொட்டாசுப் பெல்சுபார் ஏறத்தாழ 1150 பாகையில் உருகத் தொடங்குகின்றது. குவார்ட்சு அருகிருப்பின் அதனினும் தாழ்ந்த வெப்பத்திலேயே நீர்மம் தோன்றும். அந்நீர்மம் துகள்களின் இடைவெளிகளை நிரப்பி, அவற்றை ஒன்றையொன்று நெருங்கச் செய்கின்றது. களியினின்று முல்லைட்டு என்னும் ஊசிப்படிகங்கள் வளர்கின்றன. ஆறியபின் நீர்மம் கண்ணாடியாய் உறைந்து, படிகங்களையும் எஞ்சிய குவார்ட்சையும் இறுகப் பற்றிக்கொள்ளும். இவ்வாறு நன்கு வெந்த கடும்பீங்கான் தன் எடையில் நூற்றுக்கு அரைப்பங்கு நீரையும் உறிஞ்சாது. பெல்சுபார் குறையின் நுண்துளைகள் எஞ்சும். மிகின் கலம் சூளையிலேயே வளைந்து குலையும். சோடா வகையின் நீர்மம் இளகியோடும்; பொட்டாசு வகையினது பாகு போல் தடித்திருக்கும். உருவம் குலையாமை வேண்டுமிடத்துப் பொட்டாசு வகையைத் தேர்தற்கு இதுவே காரணம்.

இனிச் சொல்லாட்சிக்கு வருவாம். நம் பாடநூல்கள் ‘இளக்கி’ என்பதை உலோகவியற் பகுதியில், தாதுவின் மாசோடு கூடிக் கசடாகி நீங்கும் பொருள் என விளக்குகின்றன. இரும்பு உலையிலிடும் சுண்ணாம்புக்கல்லுக்கு அவ்விளக்கம் பொருந்தும், பெல்சுபாருக்குப் பொருந்தாது. பெல்சுபார் கசடாகி வெளியேறுவதன்று. கலத்தின் உடலாகவே நிலைப்பது. இளக்குதல் அதன் இடைநிலைத் தொழில். இறுக்குதல் அதன் முடிபு. ஆதலின் ‘உடனிருக்கும் பொருளின் உருகுநிலையைத் தாழ்த்துவது இளக்கி’ எனப் பொதுவாக வரையறுத்து, நீங்கும் இளக்கி, நிலைக்கும் இளக்கி என இருவகைப்படுத்தல் தகும் என்பது எம் கருத்து.

இவ்வேறுபாடு தொல்லியலார்க்கும் பயன்படும். திண்டுக்கல் மாவட்டத்தில் பழனிக்கு அருகிலுள்ள பொருந்தலில் பேராசிரியர் கா. இராசன் 2009, 2010 ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தார். ஆண்டு ஈமச்சின்னங்களில் மட்கலங்களும், வாழிடத்தில் கண்ணாடி மணி செய்த உலையின் எச்சமும் வெளிப்பட்டன. தாழியொன்றிற் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. அக்காலத்துக் கருப்பு-சிவப்புக் கலங்களின் பளபளப்பு, சுடுமுன் கல்லால் தேய்த்து ஏற்றிய மெருகேயன்றிக் கண்ணாடிப் பூச்சன்று. வேட்கோவர் ஆண்ட குளத்துமண்ணில் இரும்பு மிகுதி. அதுவும் ஓர் இளக்கியே. கடும்பீங்கானுக்குரிய வெப்பத்தில் அம்மண் உருக்குலையும். எனவே அதனைத் தாழ்ந்த வெப்பத்திலேயே சுடல் வேண்டும். அங்ஙனம் சுட்டது நுண்துளையோடு நின்று நீர் கசியும்.

கண்ணாடி மணியின் நிலை வேறு. தென்னிந்தியப் பழமணிகள் பலவற்றில் அலுமினா மிகுந்திருத்தற்கு, பெல்சுபார் கலந்த மணலை உருக்கியமையே காரணமென ஆய்வாளர் கருதுவர். அம்மணிகளில் இளக்கியாய் நின்றது சோடா. பெல்சுபார் மணலோடு மணலாய் உடன் சென்றது. எனவே பண்டைத் தமிழகத்தார் இக்கல்லைக் கண்ணாடியில் உருக்கியிருத்தல் கூடும். மட்கலத்தில் அதனை இளக்கியாக ஆண்டார் என்றற்கு இக்கலங்கள் இடந்தரவில்லை.

ஆதலின் ஓட்டினை ஆராய்வார் மேற்பரப்பின் ஒளியை மட்டும் கண்டு பெயரிடுதல் கூடாது. உடைந்த விளிம்பில் ஒருதுளி நீரை இட்டு நோக்குக. அது உடனே உள்வாங்கப்படின் மட்கலம் எனத் துணிக. உள்வாங்காது நிற்பின், பீங்கானோ என மேலும் ஆராய்க.