கலம்பாவில் ஒரு குடும்ப வீடு

இடம்பெயர்ந்த குடும்பத்தார் கூடியிருந்து கதைக்கும்போது பேச்சு எப்படியும் பழைய வீட்டுக்கே போய்ச் சேரும். கிணற்றடி, முற்றத்து மரம், பிள்ளைகள் படித்த விளக்கு என்று ஒவ்வொருவரும் ஒன்றை நினைவுபடுத்துவர். இத்தகைய பேச்சை வீண்பேச்சு என்று நாம் ஒதுக்கக் கூடாது. ஏன் என்பதைப் பிலிப்பைன்ஸ் நாட்டின் ஒரு வீட்டைக் கொண்டு விளக்கலாம்.

லகூனா மாகாணத்தின் கலம்பா என்னும் ஊரில் இருந்தது அவ்வீடு. அந்நாட்டு மக்கள் தம் தேசிய வீரராகப் போற்றும் ஹோசே ரிசால் 1861 ஜூன் 19ஆம் திகதி அங்கே பிறந்தார். பதினொரு பிள்ளைகளுள் அவர் ஏழாமவர்.

வீட்டின் அமைப்பு

கீழ்த்தளம் கல்லாலும் மேல்தளம் வைரமரத்தாலும் ஆன மாடிவீடு அது. இவ்வகை வீட்டை அங்கு ‘பஹாய் நா பாத்தோ’, அதாவது கல்வீடு என்பர். ஆயினும் இத்தகைய வீடுகளில் பாரத்தைப் பெரிதும் தாங்குபவை மரத்தூண்களே. நிலநடுக்கம் மிகுந்த நாடாதலால், நிலம் அசையும்போது மரச்சட்டகம் வளைந்து கொடுக்கும். சன்னல்களில் கண்ணாடிக்குப் பதிலாக மெல்லிய சிப்பி ஓடுகளைப் பதிப்பர். வெயில் உறைக்காது, வெளிச்சம் மட்டும் உள்ளே வரும்.

அன்றாட வாழ்வு

தந்தை பிரான்சிஸ்கோ நெல்லும் கரும்பும் பயிரிட்டார். தாய் தெயோதோரா ஒரு சிறு கடையும் மாவரைக்கும் ஆலையும் நடத்தினார். பின்வளவில் கோழிகள் வளர்ந்தன. பலா, பப்பாசி, புளி, தோடை எனப் பலவகை மரங்கள் நின்றன. மாலையில் குடும்பம் கூடிச் செபமாலை சொல்லும். நிலாக் காலத்தில் பிள்ளையைப் பராமரித்த பெண் அவனைத் திறந்த மேல்முற்றத்தில் வைத்துக் கதை சொல்வாள். தேங்காய் எண்ணெய் விளக்கருகில் தாய் வாசிப்புச் சொல்லிக் கொடுத்தார். சுடரில் விழுந்து மாண்ட விட்டில் பூச்சியின் கதையை மகன் கேட்டதும் அந்த விளக்கடியிலேதான். சின்னத் தங்கை ஒருத்தி மூன்று வயதில் இறந்ததும் அவ்வீட்டின் நினைவுகளுள் ஒன்று.

இவற்றை நாம் அறிவது எப்படி? மணிலாவில் மாணவனாயிருந்த காலத்தில், 1878ஆம் ஆண்டு தொடங்கி ரிசால் தம் இளமை நினைவுகளை எழுதி வைத்தார். அப்போது வீடு இருந்தது, பெற்றோரும் இருந்தனர்.

நிலம் யாருடையது?

வீட்டைக் கட்டியதும் மரம் நட்டதும் குடும்பந்தான். ஆனால் அவர்கள் உழுத நிலம் டொமினிக்கன் துறவற சபையின் பெரும் பண்ணையைச் சேர்ந்தது. திருச்சபைக்கு இது கசப்பான வரலாறாயினும் மறைப்பது நேர்மையாகாது. குத்தகை ஏறியது. 1887இல் அரசு பண்ணை பற்றிய விபரம் கேட்டது. குத்தகைக்காரர் தம் குறைகளை எழுதி, 1888 தொடக்கத்தில் கையொப்பமிட்டுக் கொடுத்தனர். அதை எழுத முன்னின்றவர் ரிசால். பண்ணையார் வழக்குத் தொடுத்து வென்றனர். 1890, 1891ஆம் ஆண்டுகளில் படையினரின் துணையோடு குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. ரிசாலின் பெற்றோரும் வீட்டை விட்டு வெளியேறினர். உறவினர் சிலர் நாடு கடத்தப்பட்டனர். பெற்றோர் ஹொங்கொங் சென்று மகனோடு சேர்ந்தனர்.

வெளியேற்றப்பட்ட கலம்பா மக்களை வட போர்னியோவின் சண்டக்கான் பகுதியில் குடியேற்ற ரிசால் 1892இல் திட்டமிட்டார். ஸ்பானிய ஆளுநர் அனுமதி மறுத்தார். 1896 டிசம்பர் 30ஆம் திகதி ரிசால் மணிலாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். பழைய வீடும் காலப்போக்கில் இல்லாமற் போயிற்று.

மீண்டும் எழுந்த வீடு

பின்னர் அதே ஊரில் அவ்வீட்டை மீண்டும் கட்ட அரசு முடிவு செய்தது. பாடசாலைப் பிள்ளைகள் காசு சேர்த்துக் கொடுத்தனர். கட்டடக் கலைஞர் ஹுவான் நாக்பில் பொறுப்பேற்று அமைத்த வீடு 1950இல் திறக்கப்பட்டது. இன்று அது நினைவு இல்லமாக உள்ளது.

நாம் செய்யக்கூடியவை

எல்லா வீடுகளும் இவ்வாறு மீண்டும் எழுவதில்லை. கலம்பாவின் மற்றக் குடியானவர்களின் வீடுகளைப் பற்றி இன்று பேசுவார் குறைவு. ஆகவே மூன்று காரியங்களை நாம் இப்போதே செய்யலாம்.

முதலாவது, ஒரு கொப்பியில் வீட்டின் படத்தைக் கீறுங்கள். அறைகள், கிணறு, வேலி, எல்லை மரங்கள், அயலவர் காணிகள் ஆகியவற்றைக் குறியுங்கள்.

இரண்டாவது, உறுதி, குத்தகைத் துண்டு, வரிப்பற்றுச்சீட்டு எது இருந்தாலும் பிரதி எடுத்து வேறோரிடத்தில் வையுங்கள். உறுதி இல்லாதவர்கள், எத்தனை ஆண்டு குடியிருந்தோம், என்ன பயிரிட்டோம் என்பதைச் சாட்சிகளின் பெயரோடு எழுதுங்கள்.

மூன்றாவது, பெரியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். யார் எந்த அறையில் பிறந்தார், எந்த மரத்தை யார் நட்டார் என்பவை அவர்களுக்குத்தான் தெரியும். பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். கலம்பா வீட்டின் நினைவுகளை எழுதத் தொடங்கியபோது ரிசாலுக்கு வயது பதினேழுதான்.