பெண்களின் வாக்குரிமையைக் கேலி செய்த சித்திரங்கள்: எமது வகுப்பறைக்கு ஒரு பாடம்

கடந்த மாதம் எங்கள் பாடசாலையில் மாணவர் பாராளுமன்றத் தேர்தலுக்கு வேட்புமனு கோரியிருந்தோம். தரம் 11 இல் படிக்கும் மாணவி ஒருத்தி மனுக் கொடுத்தாள். அடுத்த நாள் இரவே பிள்ளைகளின் வட்ஸ்அப் குழுவில் ஒரு படம் சுற்றத் தொடங்கியது. கையால் வரைந்த கேலிச்சித்திரம். அந்தப் பிள்ளை ஒலிவாங்கிக்கு முன்னால் வாயை அகலத் திறந்து கத்துகிறாள். பின்னால் அவளது வீடு. அடுப்பில் சோறு பொங்கி வழிகிறது. சின்னத் தம்பி தரையில் கிடந்து அழுகிறான். வாப்பா கையில் பால் போத்தலுடன் முழித்துக்கொண்டு நிற்கிறார்.

சக ஆசிரியை ஒருவர் அதைக் காட்டியபோது, உண்மையைச் சொன்னால், எனக்கும் சிரிப்பு வந்தது. வரைந்த பையனுக்கு நல்ல கை. மறுநாள் காலை அந்த மாணவி வந்து, "டீச்சர், என்ட பேர வெட்டி விடுங்க" என்றாள். ஏன் என்று கேட்டேன். "என்னப் போட்டா பரவாயில்ல. வாப்பாவையும் போட்டுட்டாங்களே" என்றாள். நான் சிரித்ததை நினைத்து அப்போதுதான் வெட்கப்பட்டேன்.

அந்தப் பையன் 1909 ஆம் ஆண்டு நியூயோர்க்கில் அச்சான தபாலட்டைகளைக் கண்டிருக்க மாட்டான். ஆனால் அவன் வரைந்தது ஏறத்தாழ அதே படம்தான். பெண்கள் வாக்குரிமை கேட்டுப் போராடிய காலத்தில் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் வெளிவந்த கேலிச்சித்திரங்களை ஆசிரியர் கலாசாலையில் படித்த நாட்களில் முதன்முதலாகப் பார்த்தேன். பழைய காலத்து வேடிக்கை என்று அன்று கடந்துவிட்டேன். இப்போது அவற்றை மீண்டும் தேடி எடுத்துப் பார்த்தேன். அவற்றில் கண்டதை வாசகர்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் 1867 ஆம் ஆண்டு. வாக்குரிமையை விரிவாக்கும் சட்டமூலம் ஒன்று அப்போது பிரித்தானியப் பாராளுமன்றத்தின் முன் இருந்தது. தத்துவஞானியும் பாராளுமன்ற உறுப்பினருமான ஜோன் ஸ்டூவர்ட் மில், அதில் 'ஆண்' என்று வரும் இடத்தில் 'ஆள்' என்று மாற்ற வேண்டும் என்றார். அந்த ஒரு சொல் மாறினால் பெண்களுக்கும் கதவு திறந்துவிடும். 'பஞ்ச்' சஞ்சிகையில் ஜோன் டென்னியல் இதைச் சித்திரமாக்கினார். பெண்களை அழைத்து வரும் மில், இந்த 'ஆட்களுக்கு' வழிவிடும்படி கேட்கிறார். பகிடி முழுவதும் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. மே 20 ஆம் திகதி திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவாக 73, எதிராக 196. பெண்களுக்கு ஏன் வாக்குக் கொடுக்கக்கூடாது என்பதற்கு அந்தச் சித்திரத்தில் ஒரு காரணமும் இல்லை. கேட்பதே சிரிப்புக்குரியது என்று மட்டும் அது சொன்னது.

அடுத்த உத்தி, பெண்களை 'நல்லவள்', 'கெட்டவள்' என்று இரண்டாகப் பிரிப்பது. 1872 இல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிட முன்வந்த விக்டோரியா வூட்ஹல் என்ற பெண்ணை, 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' சஞ்சிகையில் தோமஸ் நாஸ்ட் சிறகு முளைத்த சாத்தானாக வரைந்தார். அவருக்குப் பின்னால் ஓர் ஏழைப் பெண், குடித்து விழுந்த கணவனையும் பிள்ளைகளையும் முதுகில் சுமந்துகொண்டு கல்லும் முள்ளுமான பாதையில் ஏறுகிறாள். உன் வழியில் வருவதைவிட இந்தச் சுமையே மேல் என்கிறாள் அவள். 1906 ஜனவரியில் 'பஞ்ச்' சஞ்சிகையில் பெர்னார்ட் பார்ட்ரிஜ் வரைந்ததும் இதே வகைதான். அடக்கமாக உடுத்த ஒரு பெண், கூச்சலிடும் இன்னொரு பெண்ணைப் பார்த்து, எமது கோரிக்கைக்கு நீதான் பெரிய எதிரி என்கிறாள். பெண்ணின் வாயாலேயே பெண்ணைக் கண்டித்துவிட்டால் ஆண்களுக்கு வேலை மிச்சம்.

மூன்றாவது, பட்டப்பெயர். வாக்குரிமை கேட்டவர்களுக்கு 'சஃப்ரஜிஸ்ட்' என்ற சொல் ஏற்கனவே இருந்தது. 1906 இல் 'டெய்லி மெயில்' பத்திரிகை அதன் வாலைத் திருகி 'சஃப்ரஜெட்' என்று எழுதியது. சின்னது, அற்பமானது என்ற தொனி அதில் இருந்தது. எமலின் பாங்க்ஹர்ஸ்டின் இயக்கத்துப் பெண்கள் அந்தப் பெயரைக் கண்டு ஓடவில்லை. 1912 இல் தமது பத்திரிகைக்கே அந்தப் பெயரைச் சூட்டினார்கள்.

நான்காவதுதான் எங்கள் பாடசாலைக்கும் வந்து சேர்ந்த உத்தி: வீடு. அக்காலத்தில் படத் தபாலட்டை அனுப்புவது பெரும் மோகமாக இருந்தது. மலிவான விலை, உறை கிடையாது, கைமாறும் ஒவ்வொருவரும் பார்க்கலாம். இன்றைய வட்ஸ்அப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 1909 இல் டன்ஸ்டன்-வைலர் என்ற நியூயோர்க் அச்சகம் 12 அட்டைகள் கொண்ட தொகுதியொன்றை வெளியிட்டது. ஒன்றில் மனைவி வாக்களிக்கக் கிளம்புகிறாள், கணவன் பிள்ளைகளோடு தவிக்கிறான். இன்னொன்றில் கணவன் கைக்குழந்தைக்குப் போத்தலில் பால் கொடுக்கிறான். தேவாலயங்களில் உள்ள மரியாள் ஓவியங்களைப் போல அவன் தலைக்குப் பின்னால் ஓர் ஒளிவட்டம். பார்ப்பவர் சிரிக்க வேண்டும் என்றுதான் அதை அச்சிட்டார்கள்.

இந்த நான்கிலும் ஒரே வேலைதான் நடக்கிறது. வரி கட்டும், சட்டத்துக்குக் கட்டுப்படும் பெண்ணுக்கு அந்தச் சட்டத்தை ஆக்குபவரைத் தெரிவு செய்ய ஏன் உரிமை இல்லை என்பதே அன்றைய கேள்வி. சித்திரம் அந்தக் கேள்வியைத் தொடுவதில்லை. அவள் முகம் எப்படி, குரல் எப்படி, அவள் வீட்டில் சோறு வெந்ததா என்று வேறு கேள்விகளை முன்னால் வைக்கிறது. நாமும் சிரித்துக்கொண்டே அந்தக் கேள்விகளுக்கு மாறிவிடுகிறோம்.

பெண்கள் இதற்கு எப்படிப் பதில் சொன்னார்கள்? அவர்களும் தூரிகையை எடுத்தார்கள். லண்டனில் 1907 இல் ஓவியர்களின் வாக்குரிமைச் சங்கம் ஒன்றும், 1909 இல் 'சஃப்ரேஜ் அட்டெலியர்' என்ற சித்திரக்கூடமும் உருவாகின. அந்தச் சித்திரக்கூடத்தின் சுவரொட்டி ஒன்றில் மேல் வரிசையில் பெண்கள் நிற்கிறார்கள்: மேயர், தாதி, தாய், வைத்தியர் அல்லது ஆசிரியை, தொழிற்சாலைத் தொழிலாளி. இவர்களில் எவருக்கும் வாக்கு இல்லை. கீழ் வரிசையில் ஆண்கள்: குற்றவாளி, குடிகாரன் போன்றோர். இப்படியெல்லாம் இருந்தும் வாக்கை இழக்காதவர்கள். அந்த மேல் வரிசையில் என் தொழிலைக் கண்டபோது மனதுக்குள் ஏதோ செய்தது. கேள்வி மறுபடியும் அதற்குரிய இடத்துக்கு வந்துவிட்டது.

1913 இல் பிரித்தானிய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. சிறையில் உண்ணாவிரதம் இருந்து நலிந்த பெண்களை விடுதலை செய்து, உடல் தேறியதும் மீண்டும் பிடிப்பது. அடுத்த வருடம் வந்த சுவரொட்டியில் பெரிய பூனையொன்று ஒரு பெண்ணை வாயில் கவ்வி நிற்கிறது. இன்றுவரை அந்தச் சட்டத்தை 'பூனை எலிச் சட்டம்' என்றே சொல்கிறார்கள். 1915 பெப்ரவரியில் அமெரிக்காவின் 'பக்' சஞ்சிகையில் ஹென்றி மேயர் ஒரு வரைபடத்தையே சித்திரமாக்கினார். பெண்களுக்கு வாக்குக் கிடைத்த மேற்கு மாநிலங்களிலிருந்து ஒரு பெண் தீபத்தோடு நடந்து வர, கிழக்கே இருளில் நிற்கும் பெண்கள் கைகளை நீட்டுகிறார்கள். அந்த ஆண்டு நியூயோர்க்கில் நடந்த வாக்கெடுப்பில் கோரிக்கை தோற்றது. 1917 இல் வென்றது.

ஆனால் பெண்களின் பக்கத்துச் சித்திரங்களும் குறையற்றவை அல்ல. மேலே சொன்ன சுவரொட்டியின் கீழ் வரிசையில் மனநோயாளி ஒருவரும் நிறுத்தப்பட்டிருக்கிறார். தம்மை உயர்த்த இன்னொரு பலவீனரைத் தாழ்த்தினார்கள். கேலிக்கு ஆளானவர் பிறரைக் கேலி செய்ய மாட்டார் என்று நினைப்பது தவறு. 2019 ஏப்ரலுக்குப் பிறகு எங்கள் தாடியும் அபாயாவும் எப்படியெல்லாம் படங்களாகச் சுற்றின என்பதை நாம் மறக்கவில்லை. மற்றவர் நம்மை வரையும்போது நோகிறது. நம் பிள்ளையை நாமே வரைந்தால் மட்டும் அது பகிடியா?

பிரித்தானியாவில் பெண்கள் 1918 இல் 30 வயதுக்கு மேற்பட்டோர் என்ற வரையறையோடும், 1928 இல் ஆண்களுக்குச் சமமாக 21 வயதிலும் வாக்குரிமை பெற்றார்கள். அதற்கு மூன்று வருடங்களின் பின், 1931 இல், டொனமூர் யாப்பின் கீழ் இலங்கைப் பெண்களும் வாக்களித்தார்கள். வகுப்பில் இதை ஒரு வசனத்தில் சொல்லிக் கடப்பது என் வழக்கம். இம்முறை அப்படிச் செய்யவில்லை. தபாலட்டைகளையும் சுவரொட்டிகளையும் கரும்பலகையில் ஒட்டி, ஒவ்வொன்றும் எந்தக் கேள்வியை மறைக்கிறது என்று கேட்டேன். எமது பாடசாலைப் படத்தை ஒட்டவில்லை. தேவைப்படவும் இல்லை. வரைந்த பையன் தலை நிமிரவில்லை. அந்த மாணவி தன் வேட்புமனுவில் எழுதியிருந்தது இரண்டு விடயங்கள்: இடைவேளையில் வாசிகசாலை திறந்திருக்க வேண்டும், உடைந்த தண்ணீர்க் குழாய்கள் திருத்தப்பட வேண்டும். படத்தில் குழாயும் இல்லை, வாசிகசாலையும் இல்லை.

இரண்டு நாள் கழித்து அவளது வாப்பா பாடசாலைக்கு வந்தார். முறைப்பாடு செய்யத்தான் வருகிறார் என்று பயந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "புள்ளைக்குப் பால் குடுக்கிறது வெக்கப்படுற வேலையா டீச்சர்? நான் தினமும்தான் குடுக்கிறன்."

அந்த 1909 ஆம் ஆண்டு அட்டைக்கு இதைவிடச் சரியான பதிலை நான் எங்கும் பார்த்ததில்லை. பிள்ளையைப் பார்ப்பது ஆணுக்கு அவமானம் என்று நாம் ஒத்துக்கொண்டால்தான் அந்தப் பகிடி வேலை செய்யும். ஒத்துக்கொள்ளாவிட்டால், அது ஒரு தகப்பன் தன் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் சாதாரண படம்.

மாணவி தன் பெயரை வெட்டவில்லை. வாக்கெடுப்பு அடுத்த வாரம். அவள் தோற்கவும் கூடும். இன்னொருவரிடம் அதைவிட நல்ல யோசனை இருந்து தோற்றால் எனக்குக் கவலையில்லை. ஒரு படத்துக்குப் பயந்து அவள் வீட்டில் இருந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.