படம் யாருக்குச் சொந்தம்?

‘சார்யா ஆஃப் த டான்’ என்று ஒரு படக்கதைப் புத்தகம். கதையும் வசனமும் அமெரிக்காவில் வாழும் கிறிஸ் கஷ்டனோவா எழுதியவை. படங்களை உருவாக்கியதோ ‘மிட்ஜர்னி’ என்ற செயற்கை நுண்ணறிவுச் செயலி.

2022 செப்டம்பரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் புத்தகத்தைப் பதிவு செய்துகொண்டது. படங்கள் வந்த வழி, பிறகு சமூக வலைத்தளப் பதிவுகளைப் பார்த்துத்தான் அலுவலகத்துக்குத் தெரிந்தது. இத்தனைக்கும் அட்டையிலேயே ‘மிட்ஜர்னி’ என்று போட்டிருந்தது!

2023 பிப்ரவரியில் முடிவு மாறியது. எழுத்துக்கு உரிமை உண்டு; எழுத்தையும் படங்களையும் தேர்ந்தெடுத்து, வரிசைப்படுத்தி அமைத்ததற்கும் உண்டு. தனித்தனிப் படங்களுக்கு மட்டும் கிடையாது. செயலிக்குக் கட்டளைகளைத் திரும்பத் திரும்ப மாற்றிக் கொடுத்து உழைத்ததாகக் கஷ்டனோவா தரப்பு வாதாடிப் பார்த்தது. என்ன படம் வரும் என்று கட்டளை கொடுப்பவரால் முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஆகவே அந்தப் படத்தின் படைப்பாளி அவரல்ல என்றது அலுவலகம். பட்ட பாடு கணக்கில் சேரவில்லை.

ஆக, அந்தப் புத்தகத்தின் வசனத்தை அப்படியே எடுத்துப் போட்டால் வழக்கு வரலாம். ஒரேயொரு படத்தை எடுத்தவர்மீது பதிப்புரிமை வழக்குத் தொடுப்பது கடினம்.