எழுத்தில் கேளுங்கள்

ஒன்ராறியோ அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கான சம்மேளனம், இரண்டு ஆசிரியர் அமைப்புகள் இணைந்து 1998 இல் உருவானது. 80,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட இச்சங்கம் இனவெறி எதிர்ப்பு, மாற்றுத்திறனாளிகளின் உரிமை, பூர்வகுடிகளின் வரலாறு ஆகியவை பற்றி ஆசிரியர்களுக்குப் பாடத் துணைகளையும் பயிற்சியையும் தருகிறது. சம்பளம் பேச வேண்டிய சங்கத்துக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வாசிக்கத் திணறும் பிள்ளையும் போன மாதம் நாட்டுக்கு வந்த பிள்ளையும் ஒரே வகுப்பில் இருக்கையில், உதவியாளர் இல்லாத குறை ஆசிரியரையும் பிள்ளையையும் சேர்த்தே வருத்துகிறது. ஆகவே அந்தக் குறைக்காகக் குரல் கொடுப்பதும் சங்கத்தின் வேலைதான். ஆனால் உங்கள் பிள்ளைக்காகப் போய் வாதாடுவது சங்கத்தின் பொறுப்பல்ல. அது பெற்றோரின் பொறுப்பு.

அதற்கான பலத்தைச் சட்டம் தந்திருக்கிறது. பிள்ளைக்கோ பெற்றோருக்கோ நாட்டில் தங்கும் அனுமதி இல்லை என்பதற்காக, 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது மாகாணக் கல்விச் சட்டம். அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்டு அஞ்சி வாழும் தமிழ்க் குடும்பங்கள் இதை அறிந்திருப்பது அவசியம். பாலர் வகுப்பு முதல் 3ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளைச் சிறு தவறுகளுக்காக அதிபர் இடைநிறுத்தும் அதிகாரம் 2020 இல் நீக்கப்பட்டது. வாசிப்புக் குறைபாடுள்ள ஒரு மாணவனைப் பற்றிய மூர் வழக்கில், சிறப்புக் கல்வி கூடுதல் சலுகையல்ல, எல்லோருக்கும் உரிய கல்வியை அவனும் எட்டுவதற்கான வழி என்று 2012 இல் கனடிய உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது.

இந்த உரிமைகள் பெரும்பாலும் நழுவுவது வாய்ப்பேச்சில்தான். "இன்றைக்குப் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப்போங்கள்" என்ற தொலைபேசி அழைப்புக்குப் பதிவு இல்லாவிட்டால் மேன்முறையீடு செய்வது கடினம். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். இடைநிறுத்தம் தொடங்கி 10 பள்ளி நாள்களுக்குள் மேன்முறையீட்டுக் கடிதம் கொடுக்க வேண்டும். சிறப்புத் தேவையை மதிப்பிடும் குழுவைக் கூட்டும்படி நீங்கள் எழுதிக் கேட்டால் அதிபர் மறுக்க முடியாது. கூட்டத்துக்கு உங்கள் சார்பில் பேச ஒருவரை அழைத்துச் செல்லலாம். குழுவின் முடிவு கிடைத்த 30 நாள்களுக்குள் மேன்முறையிடலாம். பாகுபாடு நடந்திருந்தால் ஓராண்டுக்குள் மனித உரிமைகள் தீர்ப்பாயத்தை நாடலாம்.

குருவை எதிர்த்துக் கடிதம் எழுதுவதா என்ற தயக்கம் நம்மிடம் ஆழமானது. ஆனால் அந்தக் கடிதம் ஆசிரியருக்கு எதிரானதல்ல. உதவியாளர் வேண்டும் என்று அவர் சங்கம் கேட்பதற்கு அது வலுச் சேர்க்கிறது. பிள்ளைக்குக் 'குறை' என்ற பெயர் விழுந்துவிடும் என்ற அச்சமும் புரிந்துகொள்ளக் கூடியதே. பெயருக்கு அஞ்சி மறைக்கும்போதோ, வாசிக்கக் கற்க வேண்டிய ஆண்டுகள் வீணாகின்றன. ஒரு பிள்ளைக்குத் தரும் உதவி மற்றப் பிள்ளைகளின் பங்கைக் குறைக்கும் என்பதும் சரியல்ல. உதவியின்றி விடப்பட்ட பிள்ளையைச் சமாளிப்பதிலேயே நேரம் போனால் முழு வகுப்புமே இழக்கிறது. தேதியிட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.