போனஸ் பணத்தை எங்கே போடுவது?

சிவகாசி வட்டாரத்து எம். புதுப்பட்டி. சுற்றிலும் பட்டாசுத் தொழில். தீபாவளி போனஸ் கைக்கு வருகிறது. நகையா? சீட்டா? பங்குச் சந்தையா?

சந்தைக்குப் புதியவர்களுக்கு 'இ.டி.எப்.' என்று ஒன்று உண்டு. பட்டாசு 'கிப்ட் பாக்ஸ்' தெரியுமல்லவா? ஒரே பெட்டி, உள்ளே பலவகை வெடிகள்! 2002 ஜனவரியில் தேசியப் பங்குச் சந்தைக்கு வந்த 'நிப்டி பீஸ்' அப்படித்தான். ஒரு யூனிட்டுக்குள் 50 பெரிய கம்பெனிகளின் பங்குகள். வாங்க 'டிமேட்' கணக்கு வேண்டும்.

எந்த முறையில் வாங்குவது?

தினமும் வாங்கி விற்பது ஒரு முறை. தரகும் வரியும் லாபத்தைத் தின்றுவிடும். மாதம் ஒரு தேதியில் ஒரே தொகைக்கு வாங்குவது இன்னொரு முறை. விலை இறங்கினால் யூனிட் அதிகம் கிடைக்கும், ஏறினால் குறையும். புதியவருக்கு இதுவே ஏற்றது.

ஆனாலும் ஆபத்து உண்டு. 2008-ஆம் ஆண்டில் நிப்டி பாதிக்குமேல் சரிந்தது! அவசரத்துக்கு விற்றவர்களுக்கு நஷ்டம். பள்ளிக் கட்டணம், கல்யாணச் செலவு, கடன் வாங்கிய பணம் இதில் வேண்டாம்.

"ஒரே மாதத்தில் இரட்டிப்பு" என்று யாராவது ஆசை காட்டினால், 'செபி'யில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு பெற்றவர் அப்படி உறுதி தரக்கூடாது!

திரியின் நீளம் பார்த்து வெடி வைக்கும் ஊர் இது. பணம் போடவும் அதே நிதானம் வேண்டும்!