மருத்துவமனைச் செய்தியும் வதந்தியின் கணக்கும்

சென்ற கோடையில் எங்கள் கல்லூரி இயற்பியல் மாணவர்கள் சிலரை ஏற்காட்டிற்கு அழைத்துச் சென்றிருந்தேன். சேர்வராயன் மலையின் உச்சியில், குகைக்குள் அமைந்திருக்கிறது சேர்வராயன் கோயில். குனிந்து உள்ளே சென்று சேர்வராயனையும் காவேரி அம்மனையும் வணங்கிவிட்டு வெளியே வந்தோம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரமுள்ள அந்த இடத்தில் காற்றழுத்தத்தையும், விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரால் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவையும் குறிப்பதே எங்கள் வேலை.

அப்போது ஒரு மாணவனின் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. மாணவர்கள் விரும்பிப் பார்க்கும் ஓர் இணையப் பிரபலம் அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறாராம். நாங்கள் ஏரிக்கரைக்கு வந்தபோது, அவருக்கு வென்டிலேட்டர் பொருத்தப்பட்டுவிட்டதாகச் செய்தி வளர்ந்திருந்தது. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து அடிவாரத்தை அடைந்தபோது அவர் இறந்தே போயிருந்தார்! மாணவர்கள் வாடிய முகத்துடன் வீடு திரும்பினர். மறுநாள் காலை அந்த மனிதரே மூன்று வரி எழுதினார்: அறுவை சிகிச்சை முடிந்தது, கஞ்சி குடிக்கிறேன், என் தாயாருக்கு இரங்கல் சொல்லித் தொலைபேசியில் அழைப்பதை நிறுத்துங்கள்.

மலை உச்சிக்கும் அடிவாரத்திற்கும் இடையில் ஓர் அறுவை சிகிச்சை எப்படி மரணமாயிற்று? இதை நல்லொழுக்கப் பாடமாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. இதில் அறிவியலும் உண்டு. எளிய கணக்கும் உண்டு.

ஓர் எண் சொல்வது என்ன?

முதலில் அன்று மலையில் நடந்த இன்னொரு நிகழ்ச்சி. ஒரு மாணவனின் விரலில் மாட்டிய கருவி 86 என்று காட்டியது. சமவெளியில் நலமாக உள்ள ஒருவருக்கு 95க்குக் குறையாமல் இருக்க வேண்டிய அளவு அது. நண்பர்கள் பதறினார்கள். குளிர்காற்றில் விறைத்திருந்த அவன் கைகளைத் தேய்த்துச் சூடேற்றச் சொல்லி மறுபடியும் மாட்டினோம், 96 என்றது. அவன் உடலில் எந்த மாற்றமும் இல்லை. மாறியது அளவீடுதான்.

காரணம் எளிது. ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி 1974இல் வகுத்த கொள்கையில் இயங்கும் இக்கருவி, சிவப்பொளியையும் அகச்சிவப்பொளியையும் விரலின் ஊடே செலுத்துகிறது. ஆக்சிஜன் ஏற்ற இரத்தமும் ஏற்காத இரத்தமும் இவ்விரு ஒளிகளையும் வெவ்வேறு அளவில் உட்கவர்கின்றன. நாடித் துடிப்புக்கேற்ப ஏறி இறங்கும் ஒளியை மட்டும் பிரித்தெடுத்துக் கருவி கணக்கிடுகிறது. குளிரில் விரலின் நாளங்கள் சுருங்கித் துடிப்பு மங்கினால் கணக்கும் பிழைபடும்.

மலை உச்சியில் வேறொரு காரணமும் உண்டு. அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ 625 மி.மீ. பாதரசம், கடல் மட்டத்தில் 760 மி.மீ. காற்றில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 சதவீதம்தான் என்றாலும், அதன் பகுதி அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே, சென்னையில் உள்ளவருக்கும் சேர்வராயன் கோயிலில் நிற்பவருக்கும் ஒரே எண் ஒரே பொருளைத் தருவதில்லை. எங்கே, எப்போது, எந்த நிலையில் எடுத்தது என்று தெரியாத எண் பாதி உண்மை. அந்தப் பாதியில்தான் வதந்தி முளைக்கிறது. எண்ணுக்குப் பொருந்தும் இது சொல்லுக்கும் பொருந்தும்.

மருத்துவ அறிக்கையின் சொற்கள்

மருத்துவமனை அறிக்கைகளில் வரும் சில சொற்களைப் பாருங்கள். 'நிலையாக உள்ளது' என்றால் நலமாக உள்ளது என்று பொருளல்ல. முன்பிருந்த நிலை மாறவில்லை என்பதே பொருள். மலைச்சரிவின் விளிம்பில் ஒரு குழியில் கிடக்கும் பந்தும் நிலையாகத்தான் இருக்கிறது. எனவே 'கவலைக்கிடம், ஆனால் நிலையாக உள்ளது' என்ற வாக்கியத்தில் முரண்பாடு எதுவும் இல்லை.

வென்டிலேட்டர் என்றதும் முடிவு நெருங்கிவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். முழு மயக்கம் கொடுத்துச் செய்யும் பெரிய அறுவை சிகிச்சைகள் பலவற்றிலும் நோயாளியின் மூச்சை இயக்குவது அத்தகைய கருவியே. அதுபோல, அறுவைக்குப் பின் முதல் இரண்டு நாட்களில் வரும் காய்ச்சல் பெரும்பாலும் திசுக்கள் காயம்பட்டதால் எழும் இயல்பான எதிர்வினை. மருத்துவர் அதைக் கவனிப்பார். ஆனால் அதுவே 'உடல்நிலை மோசம்' என்ற தலைப்புச் செய்திக்கு உரியதல்ல. நோய் தணிதல் நேர்கோட்டில் நடப்பதில்லை. ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும். ஒரு நாள் புள்ளியை வைத்துக்கொண்டு கோடு வரைய முடியாது என்பதை ஆய்வுக்கூடத்தில் வரைபடம் போட்ட எந்த மாணவரும் அறிவார்.

எக்மோ என்னும் புதிர்

தமிழ்நாட்டு மக்கள் அனைவருக்கும் பழக்கமாகிவிட்ட ஒரு மருத்துவச் சொல் 'எக்மோ'. உடலுக்கு வெளியே, ஒரு சவ்வின் வழியாக, இரத்தத்திற்கு ஆக்சிஜன் ஊட்டும் முறை இது. இதன் முன்னோடி, 1953இல் அமெரிக்காவில் ஜான் கிப்பன் திறந்த இதய அறுவைக்கு வெற்றிகரமாகப் பயன்படுத்திய இதய நுரையீரல் இயந்திரம். அது சில மணி நேரத்திற்கே உதவியது. 1970களில் நாட்கணக்கில் இயங்கும் முறை உருவாயிற்று.

பெரிய சிரை ஒன்றிலிருந்து குழாய் வழியே இரத்தம் வெளியே வருகிறது. ஒரு பம்பு அதை நிமிடத்திற்குச் சில லிட்டர் வீதம் தள்ளுகிறது. வழியில் ஆயிரக்கணக்கான நுண்ணிய உள்ளீடற்ற இழைகள். இழைகளின் உள்ளே ஆக்சிஜன் ஓடுகிறது. வெளியே இரத்தம் ஓடுகிறது. அழுத்தம் மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்திற்கு ஆக்சிஜன் ஊடுருவுகிறது. கரியமில வாயு எதிர்த்திசையில் வெளியேறுகிறது. நாம் பள்ளியில் படித்த விரவல் தத்துவம்தான். நுரையீரல் மட்டும் பழுதானால் இரத்தத்தைச் சிரைக்கே திருப்பி அனுப்புவார்கள். இதயமும் நின்றுவிட்டால் தமனிக்குள் செலுத்துவார்கள்.

இரண்டாவது முறையில் ஒரு விந்தை நேர்கிறது. இதயம் துடிக்காதபோதும் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். துடிப்பை நம்பி இயங்கும் நம் பல்ஸ் ஆக்சிமீட்டர் அங்கே செயலற்றுப் போகலாம். 'இதயம் நின்றுவிட்டது' என்பதும் உண்மையாக இருக்கலாம். 'உயிர் இருக்கிறது' என்பதும் உண்மையாக இருக்கலாம். இரண்டில் ஒன்றை மட்டும் கேட்டு ஓடுபவர், பொய் சொல்லும் எண்ணமே இல்லாமல் பொய்ச்செய்தியைப் பரப்பிவிட முடியும்.

சென்னை கண்ட இரு நிகழ்ச்சிகள்

2016 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, முதலமைச்சர் ஜெயலலிதா சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். காய்ச்சலும் நீர்ச்சத்துக் குறைவும் என்றது முதல் அறிவிப்பு. நாட்கள் வாரங்களாயின, சிகிச்சை பெறும் படம் எதுவும் வெளிவரவில்லை. வதந்திகள் பெருகின. வதந்தி பரப்பியதாகப் பலர் மீது காவல்துறை வழக்குப் பதிந்தது. அப்போதும் அவை நிற்கவில்லை. டிசம்பர் 4ஆம் நாள் மாலை இதயம் நின்றது; எக்மோ பொருத்தப்பட்டது. மறுநாள் மாலை சில தொலைக்காட்சிகள் அவர் இறந்துவிட்டதாக அறிவித்தன. கட்சித் தலைமை அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்திற்கு இறங்கியது. மருத்துவமனை மறுத்ததும் கொடி மீண்டும் ஏறியது. அன்றிரவு 11.30 மணிக்கு உயிர் பிரிந்ததாக மருத்துவமனை அறிவித்தது. ஐயம் அதோடு தீரவில்லை. 2017இல் அமைக்கப்பட்ட நீதியரசர் ஆறுமுகசாமி ஆணையம் 2022இல்தான் தன் அறிக்கையை அளித்தது.

அடுத்தது 2020. பாடகர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் ஆகஸ்ட் 5ஆம் நாள் கொரோனாவுக்காகச் சென்னையில் மருத்துவமனையில் சேர்ந்தார். இலேசான அறிகுறிகள்தான் என்று தாமே காணொளியில் சொன்னார். பின்னர் நிலை மோசமாகி, வென்டிலேட்டரும் எக்மோவும் தேவைப்பட்டன. அவருடைய மகன் சரண் அடிக்கடி காணொளியில் தோன்றி நிலையை விளக்கிவந்தார். ஆகஸ்ட் 24 அன்று, தொற்று நீங்கிவிட்டது என்ற செய்தி பரவியது, நாடே மகிழ்ந்தது. அது வதந்தி என்று சரண் மறுத்தார். தொற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும், உயிர்காக்கும் கருவிகளின் துணையில் இருக்கும் நிலை மாறவில்லை என்றும் விளக்கினார். செப்டம்பரில் தொற்று உண்மையிலேயே நீங்கியது. ஆனால் தீ அணைந்துவிட்டால் எரிந்த கூரை தானே முளைத்துவிடுவதில்லை. கிருமி போனபின்னும் நுரையீரல் சேதம் இருந்தது. செப்டம்பர் 25ஆம் நாள் அவர் மறைந்தார்.

நல்ல செய்தியாக வரும் வதந்தியும் வதந்தியே என்பதை இந்த நிகழ்ச்சி காட்டுகிறது. அதே வேளையில், குடும்பத்தார் விரும்பித் தெளிவாகப் பேசும்போது ஒரு வதந்தியை ஒரே நாளில் அடக்க முடியும் என்பதையும் காட்டுகிறது.

வதந்தியின் கணக்கு

அமெரிக்க உளவியலாளர்கள் ஆல்போர்ட்டும் போஸ்ட்மனும் 1947இல் ஒரு கருத்தை முன்வைத்தனர்: வதந்தியின் வலிமை, செய்தியின் முக்கியத்துவத்தையும் அதிலுள்ள தெளிவின்மையையும் பெருக்கிவரும் தொகை. கூட்டல் அல்ல, பெருக்கல் என்பதைக் கவனியுங்கள். இரண்டில் ஒன்று சுழியானால் விடையும் சுழி. அதற்கு முன்பே நம் நாட்டு உளவியலாளர் ஜமுனா பிரசாத், 1934ஆம் ஆண்டு பீகார் நிலநடுக்கத்திற்குப் பின் பரவிய வதந்திகளை ஆராய்ந்து 1935இல் கட்டுரை எழுதினார். அச்சமும் அறியாமையும் சேரும் இடத்தில் வதந்தி தழைக்கிறது.

அது பரவுவதோ அணுக்கருத் தொடர்வினை போன்றது. செய்தி பெறும் ஒவ்வொருவரும் மூன்று பேருக்கு அனுப்பினால், பத்தாவது சுற்றில் மட்டும் 59,049 பேரைச் சேரும். ஒருவர் சராசரியாக 0.8 பேருக்கே அனுப்பினால்? 1 + 0.8 + 0.64 + ... என்று முடிவின்றிக் கூட்டினாலும் மொத்தம் 5 பேர்தான்! இரண்டிற்கும் இடையே உள்ள எல்லை 1. கல்பாக்கத்தில் உள்ளவை போன்ற அணு உலைகளில், நியூட்ரான்களை விழுங்கும் பொருள்களைக் கொண்டு இந்தப் பெருக்கற்காரணியை அடக்கி வைக்கிறார்கள். 2018இல் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதவாறு தடுத்ததும், 2020இல் பலமுறை கைமாறிய செய்திகளுக்கு அந்த வரம்பை ஒன்றாகக் குறைத்ததும் இதே உத்தி.

நாம் செய்யக்கூடியது

நோயாளியின் உடல்நிலை அவருடைய சொந்த விவரம். அதைக் காப்பது மருத்துவரின் கடமை. நாட்டை ஆளும் ஒருவரின் உடல்நலம் பற்றி மக்கள் கேட்பதில் நியாயம் உண்டு. நம்மை மகிழ்விக்கும் கலைஞரோ, இணையத்தில் பேசும் இளைஞரோ தம் தையல் தழும்பைப் பற்றி நமக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் மௌனமாக இருந்தால், அந்த மௌனத்திற்கு நாம் பொருள் எழுதலாகாது.

அடுத்த முறை இப்படியொரு செய்தி வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதைச் சொன்னவர் மருத்துவமனையா, குடும்பத்தாரா, அல்லது யாரோ ஒருவரா? இது எந்த நாளின், எந்த நேரத்தின் செய்தி? இதில் வரும் மருத்துவச் சொல்லின் பொருள் எனக்குத் தெரியுமா? விடை கிடைக்காவிட்டால் செய்தியை உங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அணு உலையில் ஒரு நியூட்ரானை விழுங்கும் அணு வெளியில் தெரிவதில்லை. ஆனால் அத்தகைய அணுக்களால்தான் உலை கட்டுக்குள் இருக்கிறது.

அன்று பேருந்தில் என் மாணவர்கள் பதினைந்து பேர் இருந்தார்கள். அந்த மரணச் செய்தியைத் தானும் அனுப்பியதாகப் பின்னர் ஒன்பது பேர் ஒப்புக்கொண்டார்கள். கை விறைத்த மாணவன் மட்டும் அனுப்பவில்லை. ஏன் என்று கேட்டேன். "எனக்கு 86 என்று காட்டியபோது நானும் நன்றாகத்தானே இருந்தேன், ஐயா?" என்றான்.